அந்தச் சங்கத்துக்கு இப்போது என்ன பெயர்? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்று எழுதியிருந்தேன். கலிபோர்னியாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அலுவலகத்தில், சங்கங்களைப் பதிவு செய்யும் மேசையில்தான் நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன: கறுப்பின மாணவர்கள், ஆசிய மாணவர்கள், லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்கள் என்று சிறுபான்மையினரைக் குறிக்கும் பெயர்கள் ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கின்றன? அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: என் மகள் எம்.எஸ். படிக்க கலிபோர்னியா போகிறாள். விண்ணப்பத்தில் 'ஏசியன்' என்று ஒரு கட்டம் இருந்தது. அட்மிஷன் கிடைத்த பிறகு 'அபிடா' மாணவர்களுக்கு வரவேற்பு என்று ஒரு மெயில் வந்தது. 'தேசி' சங்கம், 'சவுத் ஏசியன்' சங்கம் என்று வேறு சொல்கிறார்கள். இதில் அவள் எதில் சேர்த்தி மேடம்? (கோவை வாசகி)

பதில்: முதலில் நடைமுறை விஷயம். எஃப்-1 விசாவில் போகிற மாணவி எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாலும் சரி, பல்கலைக்கழகம் மத்திய அரசுக்கு அனுப்பும் கணக்கில் அவள் 'ஏசியன்' வரிசையில் வரமாட்டாள். வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே தனி வரிசை உண்டு. நெடுங்காலம் அதற்கு 'நான்ரெசிடென்ட் ஏலியன்' என்று பெயர். சில வருடங்களுக்கு முன்புதான் 'ஏலியனை' எடுத்துவிட்டு 'யு.எஸ். நான்ரெசிடென்ட்' என்று வைத்தார்கள். ஆகவே கட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எந்தச் சங்கத்தில் சேர்வது என்பது அவள் விருப்பம்.

'அபிடா' என்பது ஏசியன், பசிபிக் ஐலண்டர், தேசி, அமெரிக்கன் ஆகியவற்றின் முதல் எழுத்துகள். தேசி என்றால் நம்மைப் போன்ற தெற்காசிய வம்சாவளியினர். இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள 1968-க்குப் போக வேண்டும். அதுவரை சீன, ஜப்பானிய, பிலிப்பினோ மாணவர்களை 'ஓரியண்டல்' என்றுதான் சொல்வார்கள். கம்பளத்துக்கும் அதே பெயர், ஆளுக்கும் அதே பெயர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூஜி இச்சியோகா, எம்மா ஜீ என்ற இரண்டு மாணவர்கள் அந்த ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். வியட்நாம் போருக்கு எதிரான ஒரு கட்சியின் உறுப்பினர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, ஆசியக் குடும்பப் பெயர் மாதிரி தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகத் தகவல் சொன்னார்கள். அப்படிக் கூடிய கூட்டத்துக்கு 'ஏசியன் அமெரிக்கன் பொலிட்டிக்கல் அலையன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். இன்று அரசுப் படிவத்திலும் செய்தித்தாளிலும் புழங்கும் 'ஏசியன் அமெரிக்கன்' என்ற சொல் அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான். அதுவரை ஜப்பானியர் தனி, சீனர் தனி என்று இருந்தவர்கள் ஒரே மேசையில் உட்காரத்தான் அந்தப் பெயர் தேவைப்பட்டது.

நம் ஆட்கள் அந்த மேசைக்கு வந்தது பிற்பாடு. நம்மை எங்கே வைப்பது என்று அமெரிக்க அரசுக்கே நெடுநாள் தெரியவில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், தானும் வெள்ளை இனத்தவன்தான் என்று சொல்லிக் குடியுரிமை கேட்டார். 1923-ல் உச்ச நீதிமன்றம் 'சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் அர்த்தத்தில் நீ வெள்ளையன் இல்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் வெள்ளையர் பட்டியலில் இருந்தார்கள்! அங்கே குடியேறிய இந்தியர்களின் சங்கங்கள் முட்டி மோதியதில்தான் 1980 படிவத்தில் 'ஏசியன் இண்டியன்' என்ற கட்டம் வந்தது. 'தேசி' என்ற எழுத்தைக் கூடச் சேர்க்கச் சொன்னவர்கள் அந்தத் தலைமுறையின் பிள்ளைகள். 'ஏசியன்' என்றதும் எல்லோருக்கும் சீன முகம்தான் ஞாபகம் வருகிறது, நாங்களும் இருக்கிறோம் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். எங்கள் காலத்துப் பாடப்புத்தகத்தில் 'நீக்ரோ' என்றுதான் இருக்கும். பேரன் அமெரிக்காவில் படிக்கிறான், போனில் பேசும்போது அந்தச் சொல்லைச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டான். நீக்ரோ, பிளாக், ஆஃப்ரோ அமெரிக்கன், ஆப்பிரிக்கன் அமெரிக்கன், மறுபடியும் பிளாக். பெயரை மாற்றினால் மட்டும் நிலைமை மாறிவிடுமா அம்மா? (திருச்சி வாசகர்)

பதில்: ஐயா, நீங்கள் கேட்ட இதே கேள்வியை ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பு ஒருவர் கேட்டார், இன்னொருவர் பதிலும் சொன்னார். கேட்டவர் இந்தியானா மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவர். கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் நடத்திவந்த 'தி கிரைசிஸ்' பத்திரிகைக்கு அந்தப் பையன் கடிதம் எழுதினான். 'நீக்ரோ' என்பது வெள்ளைக்காரர்கள் நம்மைத் தாழ்த்துவதற்கு வைத்த பெயர், நம்முடைய பத்திரிகையே அதைப் போடலாமா என்று கேட்டான். டு போய்ஸ் 1928 மார்ச் இதழில் பொறுமையாக நீண்ட பதில் எழுதினார். பெயரையும் பொருளையும் குழப்பிக்கொள்ளாதே, நம்மை வெறுக்கிறவன் பெயர் மாறியதும் வெறுப்பை விட்டுவிட மாட்டான் என்பது அதன் சாரம்.

இதைப் படித்தால் டு போய்ஸ் உங்கள் கட்சி என்று தோன்றும். ஆனால் அதே டு போய்ஸ்தான் 'நீக்ரோ' என்பதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிட வேண்டும் என்று வருடக்கணக்கில் பத்திரிகை ஆசிரியர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தவர். ஐரிஷ், இத்தாலியன், ஜெர்மன் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து, எங்களுக்கு மட்டும் சின்ன எழுத்தா என்பது அவர் கேள்வி. நியூயார்க் டைம்ஸ் 1930-ல்தான் இறங்கி வந்தது. பெயருக்காகக் காத்திருக்காமல் வேலையைப் பாருங்கள் என்று தன் இனத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னவர், வெளியாளிடம் பேசும்போது ஓர் எழுத்தின் அளவைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்ததே இதுதான்.

இனி கல்லூரிக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் 'நீக்ரோ ஸ்டூடன்ட்ஸ் அசோசியேஷன்' என்று ஒரு சங்கம் இருந்தது. 1966-ல் அதன் மாணவர்களே பெயரை 'பிளாக் ஸ்டூடன்ட்ஸ் யூனியன்' என்று மாற்றினார்கள். அதற்கு முன்பு 'பிளாக்' என்பது மரியாதையான சொல் கிடையாது. வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். மற்றவர்கள் வசைக்குப் பயன்படுத்திய சொல்லை இளைஞர்கள் கையில் எடுத்துத் தங்கள் கொடியாக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூனில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின உரிமைப் போராட்டத்தின் இளந்தலைவர் ஸ்டோக்லி கார்மைக்கேல் 'பிளாக் பவர்' என்று முழங்கினார். காற்று அந்தப் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது.

பெயரை மாற்றிவிட்டு அந்த மாணவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். கறுப்பின வரலாற்றையும் வாழ்க்கையையும் கற்பிக்கத் தனித்துறை வேண்டும், அந்தத் துறைக்கு இருபது முழுநேர ஆசிரியர் பணியிடங்கள் வேண்டும், விண்ணப்பிக்கும் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். அவர்கள் பக்கம் நின்ற ஜார்ஜ் மர்ரி என்ற ஆசிரியரைக் கல்லூரி இடைநீக்கம் செய்ததும் 1968 நவம்பர் 6-ம் தேதி வகுப்புகளைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். ஆசிய, மெக்சிகன், பிலிப்பினோ மாணவர் சங்கங்களும் 'தேர்ட் வேர்ல்ட் லிபரேஷன் ஃப்ரண்ட்' என்ற பெயரில் சேர்ந்துகொண்டன. 1969 மார்ச் வரை அந்தப் போராட்டம் நடந்தது. போலீஸ் தடியடி, நூற்றுக்கணக்கில் கைது. அப்போது கல்லூரிக்குத் தற்காலிகத் தலைவராக வந்த எஸ். ஐ. ஹயகாவா சொற்களின் அர்த்தத்தை ஆராய்வதில் பெயர் பெற்ற பேராசிரியர். அவரே மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டிமேல் ஏறி வயர்களைப் பிடுங்கி எறிந்தார். டிசம்பர் 2-ம் தேதி நடந்தது அது. படத்தை இன்றும் பார்க்கலாம், தலையில் கம்பளிக் குல்லாயோடு நிற்பார்.

கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் கறுப்பினக் கல்வித் துறை வந்தது, இனக்குழுக் கல்விக்கென்று தனிக் கல்லூரியே வந்தது, இன்றும் நடக்கிறது. ஆக, பெயர் மாறினால் நிலைமை மாறிவிடுமா என்று நீங்கள் கேட்டதற்கு, அந்தப் பிள்ளைகளின் வழியைச் சொல்கிறேன். பெயரோடு சேர்த்து எதைக் கேட்டார்கள் என்று பாருங்கள். என் மேசைக்குப் பெயர் மாற்றப் படிவம் வரும்போதெல்லாம் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன். வாராந்தரப் படிப்பு வட்டம், முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன், உதவித்தொகை என்று ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பெயர் நிலைக்கும். வெறும் பெயர் மட்டும் மாறியிருந்தால் அடுத்த வருடம் வேறு பெயரோடு திரும்பி வருவார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

'ஆப்பிரிக்கன் அமெரிக்கன்' என்ற பெயரை 1988 டிசம்பரில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் முன்வைத்தார். இத்தாலியன் அமெரிக்கன், ஐரிஷ் அமெரிக்கன் போல எங்களுக்கும் ஒரு பூர்விக மண் உண்டு என்று சொல்லும் பெயர் அது. பிறகு ஏன் மறுபடியும் 'பிளாக்'? வளாகத்தின் முகம் மாறியதும் ஒரு காரணம். நைஜீரியப் பெற்றோரின் பிள்ளைகள், ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள், எத்தியோப்பியர்கள் என்று பலர் வந்தார்கள். அடிமைக் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகளுக்கும் போன தலைமுறையில் விமானத்தில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரே வரலாறு இல்லை. ஆனால் இரவில் காரை ஓரம் கட்டச் சொல்லும் போலீஸ்காரர் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எல்லோரையும் சேர்க்க 'பிளாக்' திரும்ப வந்தது. 2020 ஜூனில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியது. டு போய்ஸ் 1930-ல் வென்ற அதே சண்டைதான், வேறு சொல்லில்.

உங்கள் பேரன் கோபப்பட்டதில் தப்பில்லை ஐயா. அந்தச் சொல்லை இன்று அங்கே யாரும் நல்ல மனதோடு சொல்வதில்லை. 1944-ல் தொடங்கிய 'யுனைடெட் நீக்ரோ காலேஜ் ஃபண்ட்' எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்த அமைப்பு. அதுவே இப்போது யு.என்.சி.எஃப். என்ற எழுத்துகளோடு நிறுத்திக்கொள்கிறது.

கேள்வி: என் தம்பி மகன் 'இண்டியன் ஸ்டூடன்ட்' சங்கத்தைத் தேடிப் போய் 'அமெரிக்கன் இண்டியன்' சங்கத்தில் நின்றானாம். அவர்களை இன்னும் இந்தியர் என்று சொல்லலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயராக இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். ஸ்டான்ஃபோர்டில் 1970-ல் தொடங்கிய சங்கத்துக்கு 'ஸ்டான்ஃபோர்ட் அமெரிக்கன் இண்டியன் ஆர்கனைசேஷன்' என்றே பெயர், இன்றும் அதே பெயர்தான். அந்த மாணவர்கள் எதிர்த்தது வேறு ஒன்றை. அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளுக்கு 'இண்டியன்ஸ்' என்று பெயர் இருந்தது. பெரிய மூக்கு வைத்த கேலிப்படம்தான் சின்னம். அதை எடுக்கச் சொல்லிப் போராடினார்கள், 1972-ல் எடுக்கப்பட்டது. அவர்கள் நடத்தும் பவ்வாவ் என்ற நடனத் திருவிழா ஆண்டுதோறும் மே மாதத்தில், அங்கே அன்னையர் தினம் வரும் வார இறுதியில் நடக்கிறது. தனியாகப் பேசும்போது பலரும் 'நேட்டிவ்' என்றோ, அதைவிட 'நான் டினே', 'நான் யூரோக்' என்று தங்கள் இனக்குழுவின் பெயரையோதான் சொல்வார்கள். வெளியுலகம் நவஹோ என்று சொல்கிற மக்களின் சொந்தப் பெயர்தான் டினே.

கேள்வி: இதழியல் மாணவன் நான். ஆங்கிலச் செய்திகளில் 'லத்தினெக்ஸ்' என்று பார்க்கிறேன். ஹிஸ்பானிக், சிகானோ, லத்தீனோ என்றும் வருகிறது. தமிழில் எதை எழுதுவது? (சென்னை வாசகர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. இதில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, அதைப் பிரித்துப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

'ஹிஸ்பானிக்' அரசாங்கத்தின் சொல். 1980 கணக்கெடுப்பில் எல்லா வீட்டுப் படிவத்திலும் வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்களில் (பகுதிநேரத்தையும் முழுநேரத்துக்குச் சமமாக்கிக் கணக்கிட்டால்) குறைந்தது 25 சதவீதம் பேர் ஹிஸ்பானிக் என்றால் அதற்கு மத்தியச் சட்டப்படி 'ஹிஸ்பானிக் சர்விங் இன்ஸ்டிடியூஷன்' என்ற தகுதி உண்டு. நாங்களும் அந்தத் தகுதி பெற்றிருந்தோம். வளாகத்தில் ஒரு மாணவர்கூடத் தன்னை ஹிஸ்பானிக் என்று சொல்லிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் மானியம் கேட்கிற காகிதத்தில் அந்தச் சொல் இருந்தே ஆக வேண்டியிருந்தது.

'சிகானோ' மாணவர்களின் சொல். அதற்கு முன்பு ஏழை மெக்சிகன் அமெரிக்கர்களை மட்டம் தட்டப் பயன்பட்டது. 1969 ஏப்ரலில் சாண்டா பார்பராவில் கூடிய மாணவர்கள், வெவ்வேறு பெயர்களில் இருந்த மெக்சிகன் அமெரிக்க மாணவர் சங்கங்களை எல்லாம் ஒரே குடையில் சேர்த்து மெச்சா என்று பெயரிட்டார்கள். விரித்துச் சொன்னால் 'மொவிமியெந்தோ எஸ்துடியான்டில் சிகானோ டே ஆஸ்ட்லான்', அதாவது ஆஸ்ட்லானின் சிகானோ மாணவர் இயக்கம். ஆஸ்ட்லான் என்பது மெக்சிகோவை முன்பு ஆண்ட ஆஸ்டெக் மக்களின் பூர்விக நாடு என்று நம்பப்படும் இடம்.

ஐம்பது வருடம் கழித்து, 2019-ல், அந்த இயக்கத்தின் தேசியக் கூட்டத்தில் 'சிகானோ', 'ஆஸ்ட்லான்' இரண்டையும் பெயரிலிருந்து எடுப்பதற்கு வாக்களித்தார்கள். அந்த வாரங்களில் எங்கள் வளாகத்துச் சங்கம் கூடியபோது அறைப் பொறுப்பாளராக நானும் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைப் பலகையில் மூன்று பெயர்கள் எழுதியிருந்தார்கள். சுவரில் பழைய பேனர் தொங்கியது, சிவப்புத் துணியில் கறுப்பு எழுத்துகளைக் கையால் தைத்தது. எழுபதுகளில் படித்த பெண்கள் தைத்தார்களாம். 'சிகானோ'வின் கடைசி எழுத்து பிரிந்து, யாரோ வேறு நிற நூலால் மறுபடி தைத்திருந்தார்கள்.

ஒரு பையன் எழுந்து பேசினான். அவனுடைய தாத்தா 1966-ல் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களோடு டெலானோவிலிருந்து சேக்ரமென்டோ வரை நடந்தவர். "இந்தப் பெயரைச் சொல்லித்தான் அவர் தலை நிமிர்ந்தார், அதை நான் எப்படி அழிப்பேன்?" என்று கேட்டான். அவனுக்கு எதிரே, மெக்சிகோ அல்ல, எல் சால்வடோர் நாட்டுக் குடும்பத்துப் பெண். மூன்று வருடமாகச் சங்கத்தின் பொருளாளர். "சாப்பாட்டு டேபிளை நான் தூக்கி வைக்கிறேன், போஸ்டரை நான் ஒட்டுகிறேன், பெயரில் மட்டும் நான் இல்லை" என்றாள். மெக்சிகோவின் ஓவாஹாக்கா மாநிலத்துப் பழங்குடிக் குடும்பத்திலிருந்து வந்த இன்னொரு மாணவர், ஆஸ்டெக் பேரரசு தன் முன்னோர்களை அடக்கி ஆண்டது, அதன் கதையை என் பூர்விகமாக நான் சொல்ல முடியாது என்றார். மூவர் சொன்னதும் உண்மை. இரவு பத்துக்குக் காவலர் வந்து அறையைப் பூட்ட வேண்டும் என்று சொல்லும்வரை பேசினார்கள். கடைசியில் 'மெச்சா' என்ற கூப்பிடும் பெயரை வைத்துக்கொண்டு, சங்க விதிகளின் முதல் பத்தியை மாற்றி எழுதினார்கள். பேனரைக் கழற்றக் கூடாது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. கையெழுத்துப் போட்ட விதிகளை மறுநாள் காலை என் மேசையில் வைத்தவள் அந்தப் பொருளாளர்தான்.

'லத்தினெக்ஸ்' வேறு வழியில் வந்தது. ஸ்பானிய மொழியில் லத்தீனோ ஆண்பால், லத்தீனா பெண்பால். இரண்டிலும் அடங்காதவர்களுக்கும் இடம் வேண்டும் என்று பால்புதுமையர் வட்டங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவியது. பியூ ஆய்வு மையம் 2020-ல் வெளியிட்ட கணக்கில், அமெரிக்காவின் ஹிஸ்பானிக் பெரியவர்களில் 3 சதவீதம் பேர்தான் தங்களை அப்படிச் சொன்னார்கள். 2024-ல் வெளியான கணக்கில் 4 சதவீதம். ஆனால் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டவர்கள் அதற்குள் இரண்டு மடங்காகிவிட்டார்கள். கேட்டவர்கள் கூடியும் சூடிக்கொண்டவர்கள் கூடவில்லை. உச்சரிக்கச் சுலபமான 'லத்தினே'யை இப்போது சில மாணவர்கள் விரும்புகிறார்கள்.

நீங்கள் எழுதும்போது பொதுவாக 'லத்தீனோ' போதும். ஒரு சங்கத்தைப் பற்றி எழுதினால் அவர்கள் பதிவு செய்த பெயரை அப்படியே போடுங்கள். பேட்டி கொடுப்பவரிடம் "உங்களை எப்படிக் குறிப்பிட?" என்று கேளுங்கள். அரை நிமிடம் ஆகாது.

கேள்வி: 'மைனாரிட்டி' என்று சொன்னால் என்ன தவறு? எண்ணிக்கையில் குறைவு என்பதுதானே பொருள்? (ஈரோடு வாசகர்)

பதில்: கலிபோர்னியாவில் எண்ணிக்கையே அந்தச் சொல்லைக் காலி செய்துவிட்டது. அங்கே எந்த இனத்தவரும் பாதிக்கு மேல் கிடையாது. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக வளாகங்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் லத்தீனோ குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களை மைனாரிட்டி என்று எப்படிச் சொல்வது? அதனால் அலுவலகங்கள் 'அண்டர்ரெப்ரசென்டட்', அதாவது தங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ற அளவுக்கு இடம் பெறாதவர்கள் என்ற சொல்லுக்கு மாறின.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. 'ஏசியன்' மாணவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டும். அந்தக் கணக்குக்குள் ஹ்மாங் (லாவோஸ் பக்கத்து மலைவாழ் மக்கள்), கம்போடிய அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள் காணாமல் போவார்கள். வீட்டில் கல்லூரியை மிதித்த முதல் ஆள் அவர்கள்தான். சீன, இந்திய இன்ஜினியர்களின் பிள்ளைகளோடு அவர்களையும் கூட்டிச் சராசரி போட்டால் எல்லோரும் நன்றாக இருப்பது போலத் தெரியும். கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் 2007-ல் 'கவுண்ட் மீ இன்' என்று ஓர் இயக்கம் நடத்தி, விண்ணப்பப் படிவத்தில் தங்கள் மக்களுக்கு ஹ்மாங், சமோவன், டோங்கன் என்று தனித்தனிக் கட்டங்களை வாங்கினார்கள். பெரிய பெயர் சிலரை மறைக்கும்போது சின்னப் பெயர்களைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. 1968-ல் எல்லோரையும் சேர்த்த பெயரை 2007-ல் பிரித்ததில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. இரண்டையும் செய்தவர்கள் மாணவர்கள், இரண்டுக்கும் தேவை இருந்தது.

கேள்வி: அங்கே போன நம்மவர்களிடையே சாதி உண்டா? 'தலித்' மாணவர் என்று அங்கே பதிவு உண்டா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: உண்டு. 'சவுத் ஏசியன்' என்ற ஒரே பெயருக்குள் அது பத்திரமாக ஒளிந்துகொள்கிறது. அறை பகிர்ந்துகொள்ளும்போது குடும்பப் பெயரைக் கேட்பது, வீட்டில் சைவமா அசைவமா என்று துருவுவது எல்லாம் விமானம் ஏறி வந்துவிட்டன. என் அலுவலகத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுத பிள்ளைகள் உண்டு. அவர்கள் நிரப்ப என்னிடம் ஒரு படிவம்கூட இல்லாத காலம் அது. இனம், மதம், பாலினம் எல்லாம் இருந்த பட்டியலில் சாதி இல்லை.

பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் தன் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. மாணவர் சங்கங்கள் தீர்மானம் போட்டு நெருக்கியதில், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா ஸ்டேட் அமைப்பு முழுவதும் 2022 ஜனவரியில் சேர்த்தது. இந்தியப் பேராசிரியர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். மாநிலச் சட்டமாகவே கொண்டுவர முயன்ற மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் பல்கலைக்கழகக் கொள்கையில் அந்தச் சொல் இருக்கிறது. 'தலித்' என்று யாரையும் கணக்கெடுப்பதில்லை, கட்டமும் கிடையாது. சாதியால் ஒதுக்கப்பட்டேன் என்று புகார் எழுதினால் இப்போது அதற்கு ஓர் இடம் இருக்கிறது. 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரை எடுத்தது கலிபோர்னியாவில் தோன்றிய கறுப்பின உரிமை அமைப்பான பிளாக் பேந்தர்களிடமிருந்து. ஐம்பது வருடம் கழித்து தலித் பிள்ளைகளின் குரல் அதே கலிபோர்னியாவில் கேட்டது எனக்கு நிறைவாக இருந்தது.

கேள்வி: சிறுபான்மை மாணவர்களுக்கு உதவும் பல்கலைக்கழக அலுவலகங்களை எல்லாம் இப்போது மூடுகிறார்களாமே? (பெங்களூர் வாசகி)

பதில்: ஆமாம். 2023 ஜூன் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. டெக்சாஸில் 2024 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களைத் தடை செய்தது. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் முதலில் பெயரை மாற்றிப் பார்த்தது. 'டைவர்சிட்டி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கேம்பஸ்' என்று போட்டது. அந்தப் பெயரோடும் நீடிக்க முடியவில்லை, ஏப்ரலில் மூடிவிட்டார்கள், பலர் வேலை இழந்தார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு கறுப்பினப் பண்பாட்டு மையத்தின் கதவு மூடியது.

டெக்சாஸ் சட்டம் மாணவர் சங்கங்களைத் தொடவில்லை, வகுப்பறைப் பாடத்தையும் தொடவில்லை. ஆகவே சங்கத்தின் பெயர் இருக்கும். ஆனால் சங்கம் கூட அறை ஒதுக்கித் தந்தவர், உதவித்தொகைப் படிவத்தை நிரப்பச் சொல்லித் தந்தவர், மனம் உடைந்த பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவர் போய்விட்டார். நான் அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். அது காலியாவதன் அர்த்தம் எனக்குத் தெரியும். இதை நான் எழுதாமல் இருக்க முடியாது.

கேள்வி: என் மகன் முதல் முறை போகிறான். யாரை எப்படிக் குறிப்பிடுவது என்று பயப்படுகிறான். கறுப்பின மாணவர் சங்கத்தில் நம் பையன் சேரலாமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: தாராளமாகச் சேரலாம் அம்மா. அரசுப் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்ற சங்கம் எதுவும் இனத்தைக் காரணம் காட்டி உறுப்பினரை மறுக்க முடியாது. சங்க விதிகளில் அந்த வரி இருந்தால்தான் நாங்கள் பதிவே செய்வோம். பிளாக் ஸ்டூடன்ட்ஸ் யூனியனில் சேர்ந்து வருடம் முழுக்கப் படிப்பு வட்டத்துக்கு வந்த நம்மூர்ப் பையன்களை எனக்குத் தெரியும்.

செமஸ்டர் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் 'கிளப் ஃபேர்' என்று புல்வெளியில் எல்லாச் சங்கங்களும் மேசை போடும். அங்கே போகச் சொல்லுங்கள். மேசைத் துணியில் எழுதியிருக்கும் பெயரைப் படித்து அதையே சொன்னால் போதும். ஆளைக் குறிப்பிட ஆளுடைய பெயர் இருக்கிறது, அதைச் சரியாக உச்சரிக்கப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். அவன் பெயரை அவர்கள் சரியாகச் சொல்லும்வரை இவனும் திருத்தட்டும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சில சங்கங்கள் சின்னச் சந்தா வாங்கும். முதல் கூட்டத்துக்குக் காசு கேட்க மாட்டார்கள், பெரும்பாலும் பீட்சாவும் இருக்கும்.